அடுப்படியே அரங்காக: கறுப்பினப் பெண்களின் நாடகங்களும் ஒரு சனிக்கிழமை வாசிப்பு வட்டமும்



நாடக வரலாறு எழுதுகிறவர்கள் வழக்கமாகக் கொட்டகைகளை எண்ணுகிறார்கள். எந்த ஊரில் எந்த ஆண்டில் கொட்டகை கட்டப்பட்டது, எந்த நாடகம் எத்தனை இரவு ஓடியது, யார் ராஜபார்ட், வசூல் என்ன என்று அந்த வரலாறு நகரும். கொட்டகைக்குள்ளேயே விடப்படாத மக்கள் எழுதிய நாடகத்தை இந்தக் கணக்கு எப்படிப் பதிவு செய்யும்? ‘மேடையேறாதது’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடும். அப்படி முடிக்கப்பட்ட சில நாடகங்களைப் பற்றித்தான் இந்த நினைவுரையில் பேசப்போகிறோம். 1910களுக்கும் 1930களுக்கும் இடையில் அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் எழுதியவை அவை. பெரும்பாலும் ஓரங்க நாடகங்கள். அவற்றை எழுதிய பெண்களில் பலர் வாஷிங்டன் நகரத்து வீடு ஒன்றில் சனிக்கிழமை இரவுகளில் கூடியவர்கள். எழுதியதை அங்கே கொண்டுவந்து வாசித்தார்கள், விவாதித்தார்கள், சண்டையும் போட்டுக்கொண்டார்கள்.

இந்த நாடகங்கள் மேடைக்காகக் காத்துக் கிடந்து ஏமாந்துபோனவை அல்ல என்பது நம் கருத்து. கூடியிருந்து வாசிப்பதே அவற்றின் நிகழ்த்துதலாக இருந்தது. ‘லிவிங் வித் லிஞ்சிங்’ என்ற நூலில் கோரீதா மிட்செல் 2011இல் இதை விரிவாக வாதிட்டிருக்கிறார். நாம் அவர் போட்ட பாதையில் கொஞ்ச தூரம் நடந்து, பிறகு நமக்கு வேண்டிய இடத்தில் திரும்பிக்கொள்கிறோம்.

அன்றைய வாஷிங்டன் எப்படி இருந்தது என்று முதலில் பார்த்துவிடுவோம். நாட்டின் தலைநகரம். ஆனால் 1913இல் பதவிக்கு வந்த உட்ரோ வில்சன் அரசு மத்திய அரசு அலுவலகங்களுக்குள்ளேயே நிறப்பிரிவினையைக் கொண்டுவந்தது. நகரின் பெரிய நாடக அரங்கான நேஷனல் தியேட்டர் கறுப்பினப் பார்வையாளர்களை அனுமதிக்கவில்லை. அந்தப் பிடிவாதம் எவ்வளவு ஆழமானது என்றால், 1948இல் நடிகர் சங்கம் நெருக்கடி கொடுத்தபோது கறுப்பின மக்களை உள்ளே விடுவதைவிட நாடகத்தை நிறுத்துவதே மேல் என்று முடிவெடுத்து அதைச் சினிமாக் கொட்டகையாக மாற்றிவிட்டார்கள். மீண்டும் நாடக அரங்காக அது திறந்தது 1952இல்தான். 1915 பிப்ரவரியில் ‘தி பர்த் ஆஃப் எ நேஷன்’ திரைப்படம் வெள்ளை மாளிகையிலேயே வில்சனுக்குத் திரையிட்டுக் காட்டப்பட்டது. கறுப்பின ஆணை வெறிபிடித்த மிருகமாகவும், கு க்ளக்ஸ் கிளான் கும்பலை மீட்பராகவும் காட்டிய படம் அது.

1916 மார்ச்சில் அதே நகரத்தில், ஓர் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியின் கூடத்தில் ‘ரேச்சல்’ என்ற நாடகம் நடந்தது. எழுதியவர் ஆஞ்சலினா வெல்ட் கிரிம்கே. கறுப்பின மாணவர்களின் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியை. இவருடைய தந்தை ஆர்ச்சிபால்டு கிரிம்கே அடிமையாகப் பிறந்து வழக்கறிஞரானவர். கறுப்பின மக்கள் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தின் நாடகக் குழு இதை நடத்தியது. சாகச நாயகர்கள் இல்லை. கும்பலும் மேடைக்கு வரவில்லை. ஒரு குடும்பத்தின் வரவேற்பறை. தன் கணவனும் மூத்த மகனும் பத்தாண்டுகளுக்கு முன் தெற்கே எப்படிக் கொல்லப்பட்டார்கள் என்பதைத் தாய் பிள்ளைகளுக்குச் சொல்கிறாள். குழந்தைகள் மேல் உயிரையே வைத்திருக்கும் மகள் ரேச்சல், இந்த நாட்டில் நான் பிள்ளை பெறமாட்டேன் என்ற முடிவுக்கு வருகிறாள். இனத்தையே அழித்துக்கொள்ளச் சொல்லும் நாடகம் என்று அன்றே விமர்சித்தார்கள். வெள்ளையினத் தாய்மார்களின் மனசாட்சியை மனதில் வைத்தே எழுதினேன் என்று 1920இல் கிரிம்கே விளக்கம் எழுதவேண்டி வந்தது.

நாடகக் குழுவுக்குள்ளேயே சண்டை வந்தது. இது கலையா, பிரச்சாரமா? ஆலன் லாக்கும் அவரோடு நின்றவர்களும் பிரச்சாரம் வேண்டாம் என்று விலகினார்கள். டூ பாய்ஸ் பத்தாண்டு கழித்து 1926இல், கலை எல்லாமே பிரச்சாரம்தான் என்ற நிலைப்பாட்டை எடுத்தார். இந்தச் சண்டையின் மொழிபெயர்ப்பு நமக்குத் தேவையில்லை. தலித் இலக்கியம் என்ற பெயர் தமிழில் புழங்கத் தொடங்கிய நாளிலிருந்து நாம் கேட்டுவரும் கேள்விதான்.

‘ரேச்ச’லைப் பார்த்த பார்வையாளர்களில் ஒருவர் வில்லிஸ் ரிச்சர்ட்சன். இதைவிட வேறு மாதிரி எழுத முடியும் என்று நினைத்து நாடகாசிரியரானார். 1923இல் பிராட்வேயில் நடந்த, கறுப்பின எழுத்தாளர் ஒருவரின் முதல் பாட்டற்ற நாடகம் அவருடையது. அவருடைய பெயர் அரங்க வரலாறுகளில் உண்டு. அவருக்குப் பள்ளியில் நாடக ஆர்வத்தை ஊட்டிய ஆசிரியை மேரி பர்ரிலின் பெயரைத் தேடித்தான் எடுக்கவேண்டியிருக்கிறது. பர்ரிலும் நாடகாசிரியர்தான். அவரிடம் இன்னும் வருவோம்.

கூடி வாசிக்கும் பழக்கம் கறுப்பினப் பெண்களிடம் 1920களில் புதிதாக முளைத்ததல்ல. 1831இல் பிலடெல்பியாவில் சுதந்திரக் கறுப்பினப் பெண்கள் ஓர் இலக்கியச் சங்கம் தொடங்கினார்கள். அடிமைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பதைத் தென் மாநிலங்கள் ஒவ்வொன்றாகக் குற்றமாக்கிக்கொண்டிருந்த காலம். இந்தப் பெண்கள் வாரம்தோறும் கூடினார்கள். தாங்கள் எழுதியதைப் பெயர் போடாமல் ஒரு பெட்டியில் போடுவார்கள். ஒவ்வொன்றாக எடுத்து உரக்க வாசித்து விமர்சிப்பார்கள். யார் எழுதியது என்று தெரியாமல் எழுத்தை மட்டும் வைத்துப் பேசும் ஏற்பாடு. கூச்சமுள்ளவர் எழுதலாம், கணவனுக்கோ எஜமானிக்கோ அஞ்சுகிறவரும் எழுதலாம். புணேயில் சாவித்திரிபாய் பள்ளிக்கூடம் நடத்தத் தொடங்கியது 1848இல் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்த 1831ஐப் பார்க்கவேண்டும்.

இனி அந்த வீட்டுக்கு வருவோம். வாஷிங்டன் எஸ் தெரு, 1461ஆம் எண். ஜார்ஜியா டக்ளஸ் ஜான்சனின் வீடு. ஜார்ஜியா மாநிலத்து அட்லாண்டாவில் பிறந்தவர். அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பயிற்சி, ஓபர்லினில் இசைப் படிப்பு, பிறகு பள்ளி ஆசிரியை. 1910இல் வழக்கறிஞரான கணவரோடு தலைநகருக்கு வந்தார். மனைவி வீட்டைப் பார்த்துக்கொள்ளாமல் கவிதை எழுதுவது கணவருக்கு உவப்பாக இல்லை. இருந்தும் 1918இலும் 1922இலும் கவிதைத் தொகுப்புகள் வெளிவந்தன. 1925இல் கணவர் இறந்தார். இரண்டு மகன்களைப் படிக்கவைக்கும் பொறுப்பு இவர் தலையில் விழுந்தது. தொழிலாளர் துறையில் சமரச ஆணையர் வேலை. பகலெல்லாம் அலுவலகம். எழுத்து மிச்ச நேரத்தில்.

1920களின் தொடக்கத்தில் எழுத்தாளர் ஜீன் டூமர் போன்றவர்களின் தூண்டுதலோடு அந்த வீட்டில் சனிக்கிழமைக் கூடுகைகள் ஆரம்பித்தன. தன் வீட்டை ‘பாதிவழி வீடு’ என்று அழைத்தார் ஜான்சன். பலவகை மனிதர்களுக்கும் நடுவழியில் நின்று அவர்களை ஒன்றுசேர்ப்பது தன் வேலை என்று கருதியதால் வைத்த பெயர். தங்க இடமில்லாத எழுத்தாளர்கள் அங்கே தங்கவும் செய்தார்கள். வந்தவர்களின் பெயர்களைச் சொன்னால் ஹார்லெம் மறுமலர்ச்சியின் பாதி வந்துவிடும்: லாங்ஸ்டன் ஹ்யூஸ், கவுன்டி கல்லன், ஆலன் லாக், ஜெஸ்ஸி ஃபாசெட், அப்போது ஹோவர்டு பல்கலைக்கழக மாணவியாக இருந்த ஜோரா நீல் ஹர்ஸ்டன். ஆண்களின் பெயர்கள் எப்படியும் நிலைத்துவிட்டன. நமக்கு வேண்டியது அந்த அறையில் நாடகம் எழுதிக்கொண்டிருந்த பெண்கள். கிரிம்கே வந்தார். பள்ளி ஆசிரியையான மரீட்டா பானர் வந்தார். மே மில்லர் பால்டிமோரில் ஆசிரியை; வார இறுதியில் வாஷிங்டனுக்கு வந்து கலந்துகொண்டார். இவர்களில் பெரும்பாலோர் பள்ளி ஆசிரியைகள் என்பதைக் கவனிக்கவேண்டும். பகலில் வகுப்பில் உரக்க வாசித்துக் காட்டுவதே தொழிலாக உள்ளவர்கள் எழுதிய நாடகங்கள் இவை. வாசிப்புக்கும் நடிப்புக்கும் இடையே பெரிய சுவர் அவர்களுக்கு இருந்திருக்காது.

இந்தக் கூடுகையை நாம் புனிதப்படுத்த வேண்டியதில்லை. படித்த, வேலையில் இருந்த, பலர் வெளிர் நிறத்தவராகவும் இருந்த ஒரு வட்டம் அது. வாஷிங்டன் கறுப்பின மேட்டுக்குடியின் நிறப்பெருமையையும் பட்டப்பெருமையையும் கிண்டல் செய்து லாங்ஸ்டன் ஹ்யூஸ் 1927இல் ‘ஆப்பர்சூனிட்டி’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். அந்நகரத்தில் அவர் ஹோட்டலில் எச்சில் தட்டு எடுக்கும் வேலை பார்த்தவர். தனக்குப் பிடித்தது ஏழைகள் வாழும் ஏழாவது தெருதான் என்றார். அதே ஹ்யூஸ்தான் சனிக்கிழமைகளில் ஜான்சன் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். மேட்டுக்குடி என்று அந்த அறையைத் தள்ளிவிடவும் முடியாது. எல்லோருக்கும் திறந்த வீடு என்று புகழவும் முடியாது. ஆனால் அந்த அறையிலிருந்து வந்த நாடகங்களில் யார் பேசுகிறார்கள் என்று பாருங்கள். சலவைக்காரி, சமையற்காரி, வெள்ளைக்காரர் பிள்ளைக்குப் பாலூட்டிய கிழவி. அவர்கள் தங்கள் சொந்தப் பேச்சில் பேசுகிறார்கள்.

மேடை இல்லாதபோது எது மேடையானது? பத்திரிகை. டூ பாய்ஸ் ஆசிரியராக இருந்த ‘தி க்ரைசிஸ்’ 1910இல் தொடங்கியது. 1919வாக்கில் ஒரு லட்சம் பிரதிகளைத் தொட்டது. ‘ஆப்பர்சூனிட்டி’ 1923இல் வந்தது. இவை நாடகங்களை முழுமையாக அச்சிட்டன. 1925 முதல் பரிசுப் போட்டிகளும் நடத்தின. ஆலிஸ் டன்பார் நெல்சனின் போர்க்கால நாடகம் 1918 ஏப்ரலில் ‘தி க்ரைசி’ஸில் வந்தது. ஒரு பிரதி வீட்டுக்கு வந்தால் அதை ஒருவர் மட்டும் வாசிப்பதில்லை. தேவாலயக் கூடத்திலும் பள்ளியிலும் பெண்கள் சங்கத்திலும் உரக்க வாசிக்கப்படும். எழுதுகிறவர்களுக்கும் இது தெரியும். ஆகவேதான் ஓரங்கம், ஒரே அறை, ஒரு மேஜை, ஓர் அடுப்பு, நான்கைந்து பேர். எந்த ஏழை வீட்டிலும் ஏற்கனவே இருக்கும் பொருள்களே அரங்கப் பொருள்கள்.

பானர் இதை வெளிப்படையாகவே அறிவித்தார். 1927 பிப்ரவரியில் ‘ஆப்பர்சூனிட்டி’யில் வந்த அவருடைய ‘பானை வனைபவர்’ நாடகத்துக்கு, வாசிப்பதற்கான நாடகம் என்றே துணைத்தலைப்பு கொடுத்தார். விமர்சகர்கள் இதைப் பலவீனத்தின் ஒப்புதலாக எடுத்துக்கொள்ளக்கூடும். நாம் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. எந்த வாசலில் நின்று கெஞ்சமாட்டேன் என்பதைச் சொல்லும் தலைப்பு அது.

1926இல் டூ பாய்ஸ் ‘கிரிக்வா’ என்ற நாடகக் குழுவை ஹார்லெமில் அமைத்தபோது, கறுப்பின நாடகம் தம் மக்களைப் பற்றியதாக, தம் மக்களால் எழுதப்பட்டதாக, தம் மக்களுக்கானதாக, தம் மக்களுக்கு அருகிலேயே நடப்பதாக இருக்கவேண்டும் என்று நான்கு நெறிகளை வகுத்தார். முதல் மூன்றையும் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். நமக்கு முக்கியமாகப் படுவது நான்காவது. ‘அருகில்’ என்றால் எங்கே? கிரிக்வாவுக்கு அது 135ஆம் தெரு நூலகத்தின் நிலவறை. பக்கத்திலேயே ஒரு கசப்பையும் சொல்லிவிடுவோம். 1927இல் யூலலி ஸ்பென்ஸின் நாடகத்துக்குப் போட்டியில் கிடைத்த 200 டாலரை டூ பாய்ஸ் குழுச் செலவுக்கு எடுத்துக்கொண்டார். நாடகாசிரியருக்கும் நடிகர்களுக்கும் ஒன்றும் கொடுக்கவில்லை. அந்தக் குழு அதோடு உடைந்தது. பெண் எழுதிய நாடகம், பெண் வாங்கிய பரிசு.

இனி ஒரு நாடகத்தை நிதானமாகப் பார்ப்போம். ஜான்சன் 1925 அளவில் எழுதிய ‘தெற்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை’. சூ ஜோன்ஸ் என்ற எழுபது வயதுப் பாட்டி, இரண்டு பேரன்களுக்குக் காலை உணவு கொடுத்துக்கொண்டிருக்கிறாள். மூத்தவன் டாமுக்குப் பத்தொன்பது வயது. முந்தின இரவு சீக்கிரமே படுத்துவிட்டான். சின்னவனுக்கு ஏழு. பக்கத்துத் தேவாலயத்திலிருந்து பாட்டுச் சத்தம் வருகிறது. தோழி ஒருத்தி வந்து உட்கார்ந்து, நேற்று ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை யாரோ தாக்கியதாகப் பேச்சு என்கிறாள். கும்பல் கையில் எடுக்கும் நீதியைப் பற்றிப் பேச்சு போகிறது. டாம், தான் படிக்கவேண்டும், சட்டங்களைச் சரிசெய்ய ஏதாவது செய்யவேண்டும் என்கிறான். கதவு தட்டப்படுகிறது. காவலர்கள். கூடவே அந்தப் பெண். அவளுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. காவலர்கள் தூண்டத் தூண்டத் தலையசைக்கிறாள். பாட்டியின் சாட்சியை யாரும் கேட்கவில்லை. பையனைக் கொண்டுபோகிறார்கள். பாட்டி, தான் வளர்த்த வெள்ளைக்கார நீதிபதி மகளிடம் உதவி கேட்டு ஆளனுப்புகிறாள். போனவள் திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. செய்தி கேட்ட பாட்டி நாற்காலியிலேயே உயிர்விடுகிறாள். பக்கத்தில் பாட்டு நிற்கவில்லை.

கொலை காட்டப்படவே இல்லை. ஏன்? அந்தக் கொலைகளுக்கு ஏற்கனவே ஓர் அரங்கு இருந்தது. 1899இல் ஜார்ஜியாவில் சாம் ஹோஸ் என்ற தொழிலாளி உயிரோடு எரிக்கப்பட்டதைப் பார்க்க அட்லாண்டாவிலிருந்து தனி ரயில்கள் விடப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். அவருடைய விரல்முட்டிகள் கடையொன்றில் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்ததை அந்நகரத்தில் பேராசிரியராக இருந்த டூ பாய்ஸ் கேள்விப்பட்டார். இப்படிப்பட்ட கொலைகளைப் படமெடுத்து அஞ்சலட்டையாக விற்றார்கள். டஸ்கீகி நிறுவனம் தொகுத்த கணக்கின்படி 1882க்கும் 1968க்கும் இடையே இப்படிக் கொல்லப்பட்டவர்கள் 4,743 பேர். அவர்களில் 3,446 பேர் கறுப்பினத்தவர். கொலையாளிகள் உடலைக் காட்சிப்பொருளாக்கினார்கள். இந்தப் பெண்கள் அந்தக் காட்சியை இன்னொரு முறை நடத்த மறுத்தார்கள். உடல் தொங்கும் மரத்தடிக்கு நம்மை அழைத்துப் போகாமல், அந்த உடலுக்குச் சோறு போட்ட அடுப்படியில் உட்காரவைத்தார்கள். தட்டில் பாதி உணவு மிச்சமிருக்கிறது. அந்த வீட்டுக்குள் என்ன ஆகிறது என்பதே நாடகம்.

‘லிஞ்சிங்’ என்ற சொல்லுக்குத் தமிழில் ‘கும்பல் கொலை’ என்கிறோம். நமக்கு அது போதவில்லை. கும்பல் என்றதும் திடீர் ஆத்திரம் என்ற பொருள் வந்து ஒட்டிக்கொள்கிறது. ரயில் விட்டு, படம் எடுத்து, காவலர் கண்முன்னே செய்த கொலைக்கு ஆத்திரம் என்று பெயரில்லை. ‘கௌரவக் கொலை’ என்ற சொல்லை மறுத்து ‘ஆணவக் கொலை’ என்று நாம் பெயர்மாற்றினோமே, அதுபோன்ற ஒரு வேலை இந்தச் சொல்லுக்கும் பாக்கியிருக்கிறது.

ஜான்சனின் இன்னொரு நாடகம் ‘பத்திரம்’. இதைப் பற்றி விவாதிக்காமல் கலைந்த கூட்டம் எதுவும் இருக்க முடியாது என்று நினைக்கிறோம். 1893, தெற்கில் ஒரு வீடு. லைசா நிறைமாதக் கர்ப்பிணி. வாசலைக் கடந்து கும்பல் ஒரு பையனை இழுத்துப் போகிறது. அவன் அம்மாவைக் கூப்பிட்டு அலறுவது அவள் காதில் விழுகிறது. அன்றிரவே குழந்தை பிறக்கிறது. ஆண் குழந்தை. பெற்ற கையாலேயே கழுத்தை நெரித்துவிட்டு, இனி இவன் பத்திரம் என்கிறாள்.

இந்த நாடகங்களை ஜான்சன் 1930களில் இரண்டு இடங்களுக்கு அனுப்பினார். ஒன்று, கறுப்பின மக்கள் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கம். இவை எல்லாமே தோல்வியில் முடிகின்றன, நிலைமை நம்பிக்கையற்றது என்ற எண்ணத்தைத் தருகின்றன என்று அங்கிருந்து திரும்பி வந்தன. இரண்டு, பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் அரசு நடத்திய ஃபெடரல் தியேட்டர் திட்டம். 1935 முதல் 1939 வரை நடந்த அந்தத் திட்டத்துக்கு ஐந்து நாடகங்கள் அனுப்பினார். ஒன்றுகூட மேடையேறவில்லை. ‘பத்திரம்’ மிகையானது என்று ஒரு வாசிப்பாளர் குறிப்பு எழுதிவைத்தார்.

இயக்கம் சொன்ன காரணத்தை நாம் எளிதாகத் தள்ளிவிட முடியாது. நாமும் இயக்கக்காரர்கள். நமது மேடைகளிலும் நாடகத்தின் கடைசிக் காட்சியில் பறை முழங்க வேண்டும், கைகள் உயரவேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். சங்கம் அப்போது கும்பல் கொலைக்கு எதிரான சட்டத்துக்காக நாடாளுமன்றத்தில் போராடிக்கொண்டிருந்தது. 1922இல் கீழவையில் நிறைவேறிய மசோதாவை மேலவையில் தென் மாநில உறுப்பினர்கள் பேசிப்பேசியே சாகடித்திருந்தார்கள். போராட்டத்துக்கு ஆள் சேர்க்க உற்சாகம் தேவை, இது நியாயம். 1938இல் ஜான்சனே அந்த மசோதாவை வைத்து இரண்டு நாடகங்கள் எழுதிக் கொடுத்தார். இயக்கத்தின் தேவை அவருக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அடுப்படி நாடகங்கள் வேறொரு வேலைக்காக எழுதப்பட்டவை. பேரணிக்குப் போவதற்கு முன்னால் வீட்டில் இருப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, நமக்கு இது நடந்தது என்று சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. பிள்ளையை இழந்தவள் அதே அறையில் உட்கார்ந்திருக்கும்போது முழக்கத்தோடு முடிவது அவளுக்குச் செய்யும் துரோகமாகக்கூட இருக்கலாம். மேடைக்குப் பொருந்தாத முடிவு வாசிப்பு வட்டத்துக்குப் பொருந்தும், ஏனென்றால் வட்டத்தில் நாடகம் முடிந்ததும் யாரும் எழுந்து போவதில்லை. பேச்சு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. கும்பல் கொலைக்கு எதிரான மத்தியச் சட்டம் அமெரிக்காவில் கையெழுத்தானது 2022 மார்ச்சில். ‘மிகை’ என்று குறிப்பு எழுதி எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது.

எல்லா நாடகங்களும் கொலையைப் பற்றியவை அல்ல. 1927இல் ‘ஆப்பர்சூனிட்டி’ முதல் பரிசு பெற்ற ஜான்சனின் ‘இறகுகள்’, சாகக் கிடக்கும் மகளுக்கு ஐம்பது டாலர் செலவழித்து அறுவைசிகிச்சை செய்வதா, அல்லது அந்தப் பணத்தில் இறகு சூடிய குதிரைகளோடு கௌரவமான சவ ஊர்வலம் நடத்துவதா என்று தவிக்கும் தாயைப் பற்றியது. முடிவெடுப்பதற்குள் மகள் போய்விடுகிறாள். மேரி பர்ரில் 1919இல் கருத்தடை இயக்கத்தின் இதழில் ஒரு நாடகம் வெளியிட்டார். பிள்ளைமேல் பிள்ளையாகப் பெற்று ஓய்ந்துபோன ஏழைத் தாய். வழி சொல்லத் தெரிந்த தாதிக்குச் சட்டம் வாயைக் கட்டியிருக்கிறது. தாய் இறக்க, மேற்படிப்புக்குக் கிளம்பிய மூத்த மகள் பெட்டியை இறக்கிவைத்துவிட்டுத் தம்பி தங்கைகளைப் பார்க்க நிற்கிறாள். நம் வீடுகளில் எத்தனை பெண்களின் படிப்பு இப்படி நின்றிருக்கிறது என்று மாணவிகளுக்குச் சொல்லவேண்டியதில்லை.

மரீட்டா பானரின் ‘ஊதாப் பூ’வை நாம் தனியாகச் சொல்லவேண்டும். ‘தி க்ரைசிஸ்’, 1928 ஜனவரி. ஒரு குன்று, உச்சியில் ஊதாப் பூ. சரிவில் வெள்ளைப் பிசாசுகள் ஆடிக்கொண்டு யாரையும் ஏறவிடாமல் தடுக்கின்றன. கீழே பள்ளத்தாக்கில் ‘நாம்’ என்ற மக்கள். உழைத்தால் ஏறலாம் என்றார்கள், உழைத்தோம். புத்தகம் படித்தால் ஏறலாம் என்றார்கள், படித்தோம். பணம் சேர்த்தும் பார்த்தோம் என்று பள்ளத்தாக்கில் பேசிக்கொள்கிறார்கள். இரத்தம் சிந்தும் நேரம் வந்துவிட்டதா என்ற கேள்வியோடு நாடகம் நிற்கிறது, பதில் இல்லை. மேடைக் குறிப்புகள் வாசகரை நேரே பார்த்துப் பேசுகின்றன. பானர் உயிரோடு இருந்தவரை இது மேடையேறவில்லை. ஹார்வர்டின் பெண்கள் கல்லூரியான ராட்கிளிஃபில் 1922இல் பட்டம் பெற்றவர் இவர். கறுப்பின மாணவி என்பதால் கல்லூரி விடுதியில் தங்க இடம் கொடுக்கப்படவில்லை. படித்தால் ஏறலாம் என்று சொன்னவர்களுக்கான பதிலை அவர் சொந்த அனுபவத்திலிருந்தே எழுதியிருக்கிறார். 1930இல் திருமணமாகி சிகாகோவுக்குப் போனார். 1941க்குப் பிறகு எதையும் வெளியிடவில்லை.

வாசிப்பு வட்டத்துக்கு ஒரு பெரிய பலவீனம் உண்டு. கொட்டகைக்குக் கணக்குப் புத்தகமும் சுவரொட்டியும் பத்திரிகை விமர்சனமும் மிஞ்சும். வட்டத்துக்கு என்ன மிஞ்சும்? கடிதங்கள், யாரோ எழுதிய ஒரு பத்தி, மாடியிலோ நிலவறையிலோ கட்டிவைத்த காகிதங்கள். ஜான்சன் தன் எழுத்துகளுக்குத் தானே ஒரு பட்டியல் அச்சிட்டு வைத்திருந்தார். அதில் 28 நாடகங்கள் இருக்கின்றன. 1966இல் அவர் இறந்தார். வீட்டைக் காலி செய்தவர்கள் நிலவறையிலிருந்த காகிதங்களைத் தூக்கி எறிந்தார்கள் என்றும், சவ ஊர்வலக் கார் கடந்தபோது அவை வெளியே கிடந்தன என்றும் நாடகாசிரியர் ஓவன் டாட்சன் பின்னர் நினைவுகூர்ந்தார். அந்த 28இல் பலவற்றுக்குத் தலைப்பு மட்டுமே இன்று இருக்கிறது.

மிஞ்சியவை எப்படி மிஞ்சின என்பது வேடிக்கையானது. ஃபெடரல் தியேட்டர் திட்டம் அவருடைய நாடகங்களை மேடையேற்றவில்லை. ஆனால் அரசு அலுவலகம் ஆயிற்றே, கோப்பில் வைத்தது. அந்தக் கோப்புகள் பால்டிமோர் பக்கத்தில் ஒரு விமானக் கொட்டகையில் மறந்து கிடந்து 1974இல் கண்டெடுக்கப்பட்டன. மறுத்தவர்களின் அலமாரியே சில பிரதிகளைக் காப்பாற்றியது. பிறகு தேடியவர்கள் பெரும்பாலும் பெண்கள். குளோரியா ஹல் 1987இல் கிரிம்கே, டன்பார் நெல்சன், ஜான்சன் மூவரைப் பற்றி நூல் எழுதினார். கேத்தி பெர்க்கின்ஸ் 1950க்கு முந்தைய கறுப்பினப் பெண் நாடகாசிரியர்களை 1989இல் தொகுத்தார். ஜூடித் ஸ்டீபன்ஸ் 2006இல் ஜான்சனின் நாடகங்களைத் தனி நூலாக்கினார்.

நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு? 1916 மார்ச்சில் ‘ரேச்சல்’ வாஷிங்டனில் நடந்தபோது, அம்பேத்கர் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழக மாணவர். அடுத்த இரண்டு மாதங்களில், மே 9 அன்று, இந்தியாவில் சாதிகள் என்ற தன் கட்டுரையை அங்கே ஒரு கருத்தரங்கில் வாசித்தார். அகமணம்தான் சாதியின் உயிர்நாடி. உடன்கட்டையும் கட்டாய விதவைக்கோலமும் குழந்தைமணமும் அதைக் காக்கப் பெண்ணின் மேல் போடப்பட்ட பூட்டுகள் என்பது அதன் வாதம். தெற்கே கறுப்பின ஆண்களைக் கொன்றவர்கள் சொன்ன காரணம் வெள்ளைப் பெண்ணின் மானம். அது பொய் என்பதை ஐடா பி. வெல்ஸ் 1892இலேயே அம்பலப்படுத்தினார். சூ ஜோன்ஸின் அடுப்படியில் அந்த வெள்ளைக்காரப் பெண் தூண்டப்பட்டுத் தலையசைக்கும் கணத்தை அம்பேத்கரின் கட்டுரையோடு சேர்த்து வாசித்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று விளக்கம் தருகின்றன. அவர் ‘ரேச்ச’லைப் பார்த்தார் என்று நாம் சொல்லவில்லை. ஒரே இளவேனிலில், ஒரே நாட்டில், பெண்ணின் உடல்மேல் காவல் போடும் இரண்டு சமூகங்களைப் பற்றி இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள்.

1946இல் அம்பேத்கர் டூ பாய்ஸுக்குக் கடிதம் எழுதியதும், 1972இல் பம்பாய் இளைஞர்கள் தங்கள் இயக்கத்துக்கு தலித் சிறுத்தைகள் என்று பெயர் வைத்ததும் எல்லோரும் அறிந்தவை. அதற்கும் முன்னால், 1873இல் ஜோதிராவ் புலே தன் ‘குலாம்கிரி’யை, அடிமை ஒழிப்புக்கு உழைத்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். இந்த நூற்றாண்டுப் பாலத்தில் நம்மிடம் வந்து சேர்ந்தவை அறிக்கைகளும் கவிதைகளும் பெரும்பாலும் ஆண்களின் பெயர்களும்தான். அடுப்படி நாடகங்கள் பாலத்தின் அந்தப் பக்கமே நின்றுவிட்டன. நம் வாசிப்பு வட்டங்களும் நாவல், சிறுகதை, கவிதை என்றால் கூடுகின்றன. நாடகம் என்றால் அது நாடகக் குழுவின் வேலை என்று விட்டுவிடுகிறோம். பெண்கள் எழுதும் புதிய நாடகப் பிரதி ஒன்று கைக்கு வந்தால், யார் இயக்குவது, செலவுக்கு எங்கே போவது என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கிறது. வாசிப்போமா என்பது கேள்வியாக வருவதில்லை.

ஆகவே மாணவத் தோழர்களுக்கு ஒரு யோசனை. முதல் கூடுகைக்கு ‘தெற்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை’யை எடுத்துக்கொள்ளலாம். எட்டுப் பேர் இருந்தால் பாத்திரங்களுக்குப் போதும். ஒரு மேஜை, சில நாற்காலிகள். தமிழாக்கத்தைக் கூட்டாகச் செய்யுங்கள். அங்கேயே முதல் சண்டை வரும்: சூ ஜோன்ஸ் எந்தத் தமிழில் பேசுவாள்? ஜான்சன் அவளுக்குக் கொடுத்தது கறுப்பின மக்களின் பேச்சுமொழி. அதைப் பாடநூல் தமிழில் எழுதினால் பாட்டி செத்தே பிறப்பாள். 1992இல் ‘கருக்கு’ வந்தபோது பாமாவின் மொழியைப் பார்த்து முகம் சுளித்தவர்களின் வாதங்களை எடுத்துவைத்துக்கொண்டு இதைப் பேசலாம். இரண்டாவது கூடுகைக்கு நம் பெண்கள் எழுதியவை வரட்டும், பிலடெல்பியாப் பெட்டி போல ஒரு பெட்டியில், பெயர் போடாமல். பேசியதை ஒருவர் நோட்டில் எழுதி, இரண்டு பிரதி எடுத்து, இரண்டு வெவ்வேறு வீடுகளில் வைக்கட்டும்.

ஜான்சன் அந்த நாடகத்துக்கு இரண்டு வடிவங்கள் எழுதியிருக்கிறார். ஒன்றில் பக்கத்திலிருந்து கேட்பது கறுப்பினத் தேவாலயத்தின் பாட்டு, மற்றதில் வெள்ளையினத் தேவாலயத்தின் பாட்டு. நீங்கள் வாசிக்கும்போது அடுத்த அறையில் யாராவது ஒருவர் பாடிக்கொண்டிருக்க வேண்டும். எந்தப் பாட்டு, எந்தத் தெருவின் கோயிலிலிருந்து வருகிற பாட்டு என்பதை வாசிப்பு தொடங்குவதற்கு முன் நீங்களே முடிவுசெய்துகொள்ளுங்கள்.